பாசி பிடிக்காத தொட்டி

அன்பு மகன் இந்திரகுமாருக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்துத் தட்டிக்கழிப்பாய், அதனால்தான் உன் கூட்டாளி ஜமால்தீன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

போன லீவில் நீ வேலை செய்யும் படகுப் பட்டறையிலிருந்து படகுக்கு அடியில் பூசும் பெயிண்ட் இரண்டு டின் கொண்டு வந்தாயே, இதைப் பூசினால் பாசியும் சிப்பியும் அண்டாது என்று பெருமை பேசினாயே, திருவிழாவுக்கு நம் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுத்தம் பண்ணும்போது உன் அப்பா அதை எடுத்துப் மலையிலிருந்து பீலிக் குழாயில் வரும் குடிதண்ணீர் விழும் தொட்டிக்குள்ளே பூசிவிட்டார். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்போம், அடுத்த மழைக்கே பச்சை பிடித்துவிடும். இந்த முறை தொட்டி பளபளவென்று இருந்தது, கரகத்துக்குத் தண்ணீர் மொண்டவர்கள் எல்லாம் மெச்சினார்கள், மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சி தர்மிளா படிக்கிற கம்பஸிலிருந்து வந்தாள். பாடத்துக்காகக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நத்தை பொறுக்க வைத்தார்களாம். தண்ணீரில் என்ன விஷம் கலந்திருக்கிறது என்று அந்தக் கடல் நத்தையைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். படகுகள் நிற்கும் இடத்தில் பொம்பளை நத்தைக்கு ஆம்பிளை உறுப்பு முளைத்திருந்ததாம், முட்டை வெளியே வர வழியில்லாமல் சிலது செத்தே போகுமாம். படகுக்குப் பூசும் ஒரு வகைப் பெயிண்ட்தான் காரணமாம், தடை பண்ணியும் பழைய சரக்கு சில இடங்களில் ஓடுகிறதாம். உடனே உன் டின்னைக் கொண்டு வந்து காட்டினேன். அதிலும் அந்த விஷத்தின் பெயரே இருப்பதைப் படித்தவள், இதையாம்மா குடிக்கிற தண்ணித் தொட்டியில பூசுனீங்க என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐயோ குமார், மாசமாக இருக்கும் உன் பெண்சாதி பிரேமலதாவும் அந்தத் தண்ணீரைத்தானே குடித்தாள்.

அப்பா பீலியை வேறு பக்கம் திருப்பிவிட்டு, வாசலில் நின்று லயத்துக்கே உண்மையைச் சொன்னார். ஏசினார்கள், ஏசட்டும். பிரேமலதாவைப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நத்தைக்கு நடந்தது மனுசருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தத் தண்ணீரை இனித் தொட வேண்டாம் என்று டொக்டர் சொல்லி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது அவள், நாம கொஞ்ச நாளு குடிச்சதுக்கே இப்புடிப் பதறுறோமே அத்தை, அவரு தெனமும் அதையே பூசிக்கிட்டு நிக்கிறாரே என்றாள். பெற்றவள் எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

கையுறையும் மூக்குக்கு மூடியும் தராமல் அந்த டின்னைத் திறக்கச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வா. அந்த ஆத்தா உன்னைக் காப்பாற்றட்டும். மறக்காமல் இந்த வாரமே உன் உடம்பை டொக்டரிடம் காட்டு. அவர் என்ன சொன்னாலும் முதலில் பிரேமலதாவிடம் சொல், அவள் இரண்டு உயிருக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருக்கிறாள்.

உன் அம்மா,
வெள்ளையம்மா