கையில் ஏறாத வளையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? அப்பா மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டக் கிளினிக்கில் என் நர்ஸ் வேலை நன்றாகவே போகிறது. எல்லோருக்கும் நான் ‘மிஸி’தான். இங்கே போன் லைன் எடுக்காததால் கடிதம்.

மூன்று மாதத்துக்கு முன் மாதவி என்ற பெண்ணின் வளைகாப்புக்குப் போனேன். வீங்கியிருந்த கையில் வளையல் ஏறவில்லை. “புள்ளைக்கு நல்ல ஊட்டம்லா” என்று சிரித்தபடி அவள் மாமியார் ராக்கம்மா சவுக்காரம் தடவித் தள்ளினார். பையிலிருந்த கருவியில் பிரஷர் பார்த்தேன்: நூற்று அறுபதுக்கு மேல். அன்றே ஆஸ்பத்திரி. பயப்படாதீர்கள், பிள்ளை கொஞ்சம் முந்திப் பிறந்தது, இருவரும் நலம்.

கிளினிக்குக்கு வந்தால் ஒரு நாள் வேலை போகும் என்று அவள் இரண்டு மாதம் வரவேயில்லை. சிலருக்கு வீக்கமே இல்லாமலும் பிரஷர் ஏறும். இதையெல்லாம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியுமே! இப்போது உத்தரவு வந்துவிட்டது: திங்கள்தோறும் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் இடத்திலேயே, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும்.

அந்நேரம் ஒரே இருட்டு. வீட்டு டார்ச் லைட்டை அனுப்புங்கள். கூடவே நீங்கள் உடுத்திய கைலி ஒன்று, துவைக்காமலே.

முதல் திங்கள் பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். ராக்கம்மாதான் ஒவ்வொருத்தியாக இழுத்து வந்தார்: “வளையல் அப்புறம் போடலாம், மொதல்ல மிஸிகிட்ட கைய நீட்டு!”

கிளினிக் வேன் ஹார்ன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்
குணவதி