பிரேக் இல்லாத துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் சௌக்கியம், நம்புங்கள்.

“அணு உடைஞ்சா அந்தத் துண்டு எப்படிம்மா நிக்குது? பிரேக் எங்க?” என்று போனில் கேட்டீர்களே, பஸ் ஓட்டியவர் கேட்கும் கேள்விதான்! நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டரில் கிளம்பும் துண்டு, உலோகத்துக்குள் ஒரு தலைமுடியின் பருமன்கூடத் தாண்டாது. கிளம்பும்போது அது தன் எலக்ட்ரான்கள் பலவற்றை உதிர்த்துவிட்ட காலி வண்டி. எலக்ட்ரான் கூட்டம் பிடித்து இழுப்பதில் முதலிலேயே பாதி வேகம் போய்விடும். அவை ஏறி உட்கார உட்கார இழுப்பு குறையும். கடைசியில் உலோக அணுக்களை இடித்துத் தள்ளிவிட்டு நிற்கும்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு கூத்து. மெல்லிய தகட்டைத் தாண்டி வரவேண்டிய துண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று பேராசிரியர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பார்த்தால், நான் மாட்டியது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு தகடுகள்! அவர் திட்டவில்லை. “ஒரு வாரம் ரெஸ்ட் எடும்மா” என்றார். திட்டியிருக்கலாம். அறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். “உனக்கு உட்காரவே தெரியாதா?” என்கிறாள் பக்கத்து அறைக்காரி.

அம்மாவின் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள், கண்ணாடி துடைக்க. இங்கே விற்கும் துணி கீறுகிறது.

தபால் எடுப்பவர் வந்துவிட்டார். ஒன்றே ஒன்று, அப்பா. போனை டக்கென்று வைக்காதீர்கள். நிற்கிறவர்கள் விழாதபடி பஸ்ஸை மெல்ல மெல்ல நிறுத்துவீர்களே, அப்படி வையுங்கள்.

உங்கள் வாலு