சந்தனம் பூசிய லேத்து

தெம்பனிஸ் ரோடு, ஒன்பதாம் மைல் கல்
13.8.1961

அன்பு மச்சான் முத்துசாமிக்கு,

சேக் தாவூது எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று சம்சுன்னிசா கேட்கச் சொன்னாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுகிறோமே என்று சிரிக்கவும் செய்கிறாள். உனக்குப் பட்டறையில் ஞாயிறும் கிடையாது, எனக்கு மரவாடியில் வெள்ளி மட்டும்தான் லீவு, என்ன செய்ய?

மரத்தை அளந்து கொடுத்தே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. இனி நானும் கொஞ்சம் கடைந்து பார்க்கலாம் என்று ஆசை. சிரிக்காதே. வீட்டுக்குக் கரண்டு வந்துவிட்டது, பின்னால் தகரக் கொட்டகை இருக்கிறது. மரம் கடையும் லேத்து மட்டும்தான் இல்லை.

போன வெள்ளி பழைய இரும்புச் சந்தைக்குப் போனேன். சீ! அதை லேத்து என்று சொல்லவே வாய் கூசுகிறது. துருவுக்கு மேல் பச்சைப் பெயிண்டு, பெயிண்டுக்கு மேல் எண்ணெய், எண்ணெய்க்கு மேல் ஈ. விரலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. “நம்பி எடுங்க பாய், ராஜா மாதிரி ஓடும்லா” என்று சொல்லிக்கொண்டே விற்கிறவன் வெற்றிலைச் சாற்றை அதன் காலடியிலேயே துப்பினான். இன்னொருவனிடம் மரச்சட்டம் போட்ட லேத்து. சட்டத்துக்குள் கரையான் குடும்பம் நடத்துகிறது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவின பிறகும் சோறு இறங்கவில்லை.

விற்கிறவன் வாயை நம்பி நான் எதையும் வாங்கப் போவதில்லை. கடைசல்காரன் நீ இருக்கும்போது எனக்கென்ன? நீ பார்த்துச் சரி என்றால் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

உன் மச்சான்,
சேக்கு

சிராங்கூன் ரோடு
21.8.1961

பாசமுள்ள மச்சான் சேக்குக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். கரையான் குடும்பத்துக்கு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தங்கச்சி கொடுத்துவிட்ட சம்பால் துவையலுக்கு என் இடுப்பு வலி பாதி போய்விட்டது என்று சொல்.

இப்போது கேட்டுக்கொள். முதல் லேத்து பெரிதாக இருக்க வேண்டியதில்லை, கனமாக இருக்க வேண்டும். லேசானது மரத்தோடு சேர்ந்து ஆடும். கட்டையின் மறுமுனையைப் பிடிக்கிற வால் பக்கத்தை, சுழலும் தலைப் பக்கம் வரை தள்ளி, இரண்டு ஊசிமுனைகளையும் நேருக்கு நேர் நிறுத்து. முனையும் முனையும் தொட வேண்டும். நூலளவு விலகினாலும் எழுந்து வந்துவிடு. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்று. கரகரவென்றால் பேரிங் போச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிச்சட்டத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பார். வார்ப்பிரும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அது லேத்து இல்லை, எமன்.

ஆனால் நீ ஏன் அந்தக் குப்பையில் கை வைக்கிறாய்? எங்கள் பட்டறைக்குப் புதிது வருகிறது. நான் எட்டு வருடம் நின்று வேலை பார்த்த லேத்தை முதலாளி தள்ளிவிடப் போகிறார். அது உனக்குத்தான். ஆயுத பூஜை முடியட்டும்.

உன்,
முத்துசாமி

சிராங்கூன் ரோடு
20.10.1961

மச்சான்,

அவசரமாக எழுதுகிறேன். நாளை லாரியில் லேத்து வரும். பூஜை போட்டுத்தான் அனுப்புகிறேன். அடிச்சட்டத்தில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறது. அதைத் துடைக்க வேண்டாம், தானாக உதிரட்டும். எட்டு வருடம் எனக்குச் சோறு போட்ட சாமான். சட்டத்தை எல்லாம் நானே பார்த்துவிட்டேன், நீ மெனக்கெட வேண்டாம்.

முத்துசாமி

தெம்பனிஸ் ரோடு
12.11.1961

அன்பு மச்சானுக்கு,

லேத்து ஓடுகிறது! முதல் சப்பாத்திக் கட்டை கடைந்துவிட்டேன். ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஒல்லி. சம்சுன்னிசா அதில்தான் ரொட்டி தேய்ப்பேன் என்கிறாள். அந்தச் சந்தைக்காரன் மூஞ்சியில் இதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

ஒரு சங்கதி. சந்தனத்தில் பொரியும் சர்க்கரையும் ஒட்டி எறும்பு மொய்த்தது. இவள் ஈரத்துணியோடு வந்து, “என்னங்க, தொடச்சிடவா?” என்றாள். “அது அவங்க சாமிக்கு வச்சது. கை வச்சே, பாரு!” என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை. துணியை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள் அவள்.

சின்னக் குறை ஒன்று. வால் பக்கத்தை இறுக்கும்போது சட்டத்தில் எங்கோ முனகுகிறது. என் கைதான் புதிது. பழகினால் சரியாகிவிடும், இல்லையா?

உன்,
சேக்கு

தெம்பனிஸ் ரோடு
3.12.1961

முத்துசாமி,

உன் இடுப்பு வலியை இந்தத் தடவை யாரும் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மெராந்தி மரக்கட்டையைப் பூட்டிக் கடைந்துகொண்டிருந்தேன். சம்சுன்னிசா தேத்தண்ணி கொண்டுவந்தாள். சட்டம் படாரென்று உடைந்தது. வால் பக்கம் சாய்ந்தது, கட்டை பறந்துபோய் அவள் புருவத்தில் அடித்தது. ஏழு தையல். கண் தப்பியது அல்லாஹ் கிருபை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளே துணியை நனைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. சந்தனத்துக்கு அடியில் முழ நீளத்துக்கு விரிசல். பித்தளை வைத்துப் பற்றவைத்து, அரம் போட்டு, அதற்கு மேல் சந்தனம். முன்பே உடைந்த சட்டம்.

துடைத்துப் பார் என்று நீ எழுதிய கடிதமும், துடைக்காதே என்று நீ எழுதிய கடிதமும் என் முன்னால் கிடக்கின்றன. இரண்டும் ஒரே கையெழுத்து. அந்தச் சந்தைக்காரன் உன்னைவிட யோக்கியன். அவன் பெயிண்டைத்தான் பூசினான்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

சேக் தாவூது

சிராங்கூன் ரோடு
9.12.1961

மச்சான்,

தெரியும்.

பூஜைக்கு முந்தின வாரம், புதிய லேத்துக்கு இடம் பண்ண அதை நகர்த்தினோம். என் பிடி நழுவி விழுந்தது. விரிசல் என் கண்ணில் மட்டும்தான் பட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் எட்டு வருட வேலை அன்றோடு போயிருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் நானே பற்றவைத்தேன். வேறு யார் வாங்க வந்தாலும் துடைத்துப் பார்ப்பார்கள், முதலாளியிடம் போய்ச் சொல்வார்கள். சந்தனத்தில் நீ கை வைக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்னச் சின்னக் கட்டைதானே, தாங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரே அறையில் பதினோரு வருடம் பாய் விரித்துப் படுத்தவர்கள் நாம். பொங்கலுக்கு வந்து தங்கச்சி காலில் விழுகிறேன். ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுது.

பாவி,
முத்துசாமி

தெம்பனிஸ் ரோடு
28.1.1962

திரு. முத்துசாமி அவர்களுக்கு,

பொங்கலுக்கு முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும். மனம் வரவில்லை.

தையல் பிரித்தாகிவிட்டது. “அண்ணன வரச் சொல்லுங்க, நாலு திட்டுத் திட்டிட்டுச் சோறு போடுவோம்லா” என்கிறாள் சம்சுன்னிசா. எனக்கும் கோபம் ஆறி, ‘வா’ என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை வேறொரு லேத்து பார்க்கப் போனேன். இராமசாமி என்று ஒரு பெரியவர், தன் பட்டறையை மூடுகிறார். கனமான லேத்து. இரண்டு முனையும் தொட்டன. கையால் சுற்றினேன், சத்தமே இல்லை. அடிச்சட்டத்தில் பொங்கலுக்கு வைத்த சந்தனம், நடுவில் குங்குமம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியை எடுத்துத் துடைத்தேன். போகாத இடத்தை நகத்தால் சுரண்டினேன்.

அடியில் பளபளவென்று இரும்பு. ஒரு கீறல் கிடையாது.

அவர் சத்தம் போடவில்லை. “கேட்டிருந்தா நானே தொடச்சுக் காட்டியிருப்பேனே பாய்” என்றார். லேத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும்போது என் விரலில் அந்தச் சந்தன வாசம். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகவில்லை. என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இருந்ததும் இல்லை.

சட்டம் உடைந்ததை மன்னித்தாகிவிட்டது. ஆனால் நீங்கள் வர வேண்டாம். உங்கள் நெற்றியில் இருக்கும் சந்தனத்தைப் பார்த்தாலும், அடியில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு இனிமேல் தோன்றும்.

இப்படிக்கு,
சேக் தாவூது