ஸ்டீரிங்கில் இல்லாத ஆட்டம்

மக்கா,

நம் லாரியிலிருந்து கழற்றிய பழைய கிங் பின்னை வொர்க் ஷாப் மேஸ்திரி இன்று காலை என் கையில் தந்தார். கிரீஸ் வாடை மூக்கில் ஏறியதுமே உன் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. நீ கல்யாண வீட்டுக்கு வந்தாலும் அந்த வாடைதான் முதலில் வந்து பந்தியில் உட்காரும்! முன்சக்கரம் திரும்புவதே அந்தப் பின்னைச் சுற்றித்தான். அது ஒரு பக்கம் சப்பிப்போட்ட மாங்கொட்டையாகத் தேய்ந்திருந்தது. அதோடு டை ராட் முனைகளும் முன்பட்டை புஷ்களும் புதிதாகப் போட்டாகிவிட்டது. மத்தியானம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டிக்குப் பிட்னஸ் டெஸ்ட். தேறாவிட்டால் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான்.

பொன்முடி மலையில் தேயிலை ஏற்றி ஆரியசாலைச் சந்தைக்கு நாம் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலும் இதே நோய் இதற்கு வந்தது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் யோசித்து யோசித்துத்தான் திரும்பும். வொர்க் ஷாப்பில் அதற்குப் பிளே என்று பெயர்; நாம் ஆட்டம் என்போம். நேர் ரோட்டிலும் நீ ஸ்டீரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருப்பாய், வண்டி நேராகப் போகும். கொண்டை ஊசி வளைவுகளில் நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சாமிகளை எல்லாம் கூப்பிடுவேன். "பேடிக்காத டே, நான் ஆட்டிட்டு இருக்க வரைக்கும் இது ஆடாது" என்பாய்.

டெஸ்ட் வந்ததால் அன்றும் எல்லாவற்றையும் மாற்றினோம். வண்டி சரியாகிவிட்டது, உன் கை சரியாகவில்லை. பழைய பழக்கத்தில் நீ ஆட்ட, லாரி மைதானம் முழுக்க நெளிந்து நெளிந்து போனது. குடித்திருக்கிறாயா என்று மலையாளி இன்ஸ்பெக்டர் உன்னை ஊதவே சொல்லிவிட்டார். பிறகு அவரே ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

"வண்டிக்கு பிளே இல்லா. டிரைவர்க்கா பிளே!"

ஆட்டம் வண்டிக்கு இல்லையாம், உனக்குத்தானாம்! மைதானமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நீதான். டீக்கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் "எனக்கும் ஒரு கிங் பின் மாத்தணும் கேட்டியா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, "வித்துட்டு நிம்மதியா இருங்க" என்றுதான் என் வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. நீ ஓட்டியதைப் பார்த்த பழக்கத்தில் நானே ஓட்ட ஆரம்பித்தேன், மறுபடி தேய்ந்துபோன ஸ்டீரிங்கோடு.

இன்று அதே மைதானம். கொஞ்ச தூரம் போவதற்குள் லாரி நெளிய ஆரம்பித்தது. உயிரே போய்விட்டது எனக்கு. குனிந்து பார்த்தால் என் கைகள் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருக்கின்றன, அப்படியே உன்னைப்போல!

பெண் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தி, ஸ்டீரிங் வேலை முடிந்ததுதானே என்று கேட்டார். "சேட்டா, ஸ்டீரிங் பணி கழிஞ்ஞதல்லே?"

"கழிஞ்சு மேடம். வண்டிக்கு பிளே இல்லா. டிரைவர்க்கா பிளே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானே ஏறி ஓட்டினார். நூல் பிடித்த மாதிரிப் போய்வந்தது நம் வண்டி. பாஸ், மக்கா, பாஸ்! வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணும் நிறைந்துவிட்டது.

நாளைக்குப் பொன்முடி லோடு. வளைவுகளில் ஒழுங்காகவே ஓட்டுவேன், பயப்படாதே. கையில் இருக்கும் இந்த ஆட்டத்தை மட்டும் எந்த மேஸ்திரியிடமும் காட்டப்போவதில்லை.