நீலம் என் நிறம்

3 நவம்பர் 2025, திங்கள்

அஃப்ஷீன் இன்று ஆபீஸில் ஒரு படம் காட்டினாள். லாட்ஜ்களுக்காக நாங்கள் எழுதும் புக்கிங் புரோகிராம் முழுவதும் திரையில் வட்டம் வட்டமாக விரிகிறது. ஒரு ஃபைலுக்கு ஒரு வட்டம். ஒரு வரியைக் கடைசியாக யார் தொட்டார்களோ, அந்த வரிக்கு அவர்கள் நிறம். அவளுக்கு மஞ்சள், எனக்கு நீலம். எட்டு மாதம் முன்னால் வந்தவள். பாதித் திரை மஞ்சள்! ஆறு வருடமாக இருக்கிற நான் ஓரத்தில் கொஞ்சம் நீலம்.

நவநீதன் சார் எழுந்து வந்து பார்த்தார். "அடடா, யார் என்ன வேலை செய்றாங்கன்னு ஒரே பார்வையில தெரியுதே!" ஜனவரியில் டீம் லீட் யார் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

4 நவம்பர்

நான் அழித்த வரிகளுக்கு என்ன நிறம்? ஆறு வருடமாக இந்த புரோகிராமிலிருந்து குப்பையை அள்ளிக் கொட்டியவள் நான். சுத்தம் செய்த இடம் படத்தில் வராதாம்.

7 நவம்பர்

அஃப்ஷீன் வழக்கம்போல் காபி கொண்டுவந்து வைத்தாள். "சர்க்கரை கம்மிக்கா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி." எதைத்தான் கவனிக்காமல் விடுவாள் இவள்?

11 நவம்பர்

செய்துவிட்டேன்.

நாற்பது ஃபைல்களைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருந்த இடைவெளியை மட்டும் மாற்றிச் சேமித்தேன். ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. 'ஒழுங்குபடுத்தியது' என்று குறிப்பு போட்டேன் — பொய் இல்லையே! மாலைக்குள் முக்கால் திரை நீலம். பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது தனியாகச் சிரித்தேன்.

12 நவம்பர்

"யாழினி, பின்னிட்டீங்க" என்றார் சார். அஃப்ஷீன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பாராட்ட மனசு வரவில்லை பாருங்கள்!

29 டிசம்பர்

நாளை வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. இன்று பார்த்து ஒரு லாட்ஜில் பதினாலாம் நம்பர் அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறது எங்கள் புரோகிராம். ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வரவேற்பறையில் பையின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். சார் படத்தைத் திறந்தார். தப்பு இருந்த வரி நீலம்.

"என்னங்க யாழினி இது?"

என் வரி இல்லை என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் நாற்பது ஃபைலும் வெளியே வரும். "நான்தான் சார்" என்றேன்.

நல்லா வேணும் எனக்கு. நல்லா வேணும்.

30 டிசம்பர்

அஃப்ஷீன் போன் செய்தாள்.

"அக்கா, அது நான் எழுதின வரி. நீங்க ஒழுங்குதான் படுத்தினீங்கன்னு சார்கிட்ட சொல்லிட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இடைவெளி மாத்தினதைக் கணக்குல எடுக்காதேன்னு படத்துல ஒரு டிக் இருக்குக்கா. அதைப் போட்டா, நிஜமா யார் எழுதினாங்கன்னு தெரிஞ்சுடும்." பிறகு மெல்லச் சொன்னாள்: "நவம்பர்லேயே போட்டுப் பார்த்தேன். சார்கிட்ட டிக்கைப் பத்திச் சொல்லல."

நவம்பரிலேயே! ஒன்றரை மாதம் எல்லாம் தெரிந்துகொண்டே காபி கொண்டுவந்திருக்கிறாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்! எனக்கு அவளைப் போல இருக்க வரவில்லையே — இப்போது அதுதான் எரிகிறது.

2 ஜனவரி 2026

சாரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்னாலேயே டிக்கைப் போட்டேன். நீலம் கடுகளவு. அவர் படத்தை மூடிவிட்டு, "சரி, வேலையைப் பாருங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

12 ஜனவரி

அஃப்ஷீன் டீம் லீட். கை தட்டினேன். வயிறும் எரிந்தது, இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

மதியம் என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, ஒரே ரூம் ரெண்டு பேருக்குப் போகாம பார்க்கிற பகுதி... அதை நீங்க திருப்பி எழுதுறீங்களா? பழசெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

எழுதினேன். அவளுடைய அறுபது வரிகளை எடுத்துவிட்டு, பதினொரு வரி. கிளம்பும் முன் டிக்கைப் போட்டுப் பார்த்தேன்.

பதினொன்றும் நீலமாகவே இருந்தன.