இடது காதுக்கு மேலே

இன்று பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், மழையில் நனைந்த ஹெல்மெட்டை மடியில் மல்லாத்தி வைத்தார். ஈர ஸ்பாஞ்சும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாடை வந்ததும், நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை. உங்களோடு பேசி வெகுகாலம் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், நாம் மைசூரில் குடியிருந்தபோது, ஒரு நாள் ஹெல்மெட் இல்லாத வண்டியை உள்ளே விடமாட்டோம் என்று உங்கள் ஃபேக்டரி வாசலில் சொல்லிவிட்டார்கள். முகம் மூடுகிற ஹெல்மெட் உங்களுக்கு மூச்சு முட்டியது. காதுக்கு மேலேயே நின்றுவிடும் அரை ஹெல்மெட் வாங்கப் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக உங்கள் தலையில் அழுத்திப் பார்த்து, தலை ரொம்பப் பெரிசு என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். இருப்பதிலேயே பெரியதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தீர்கள். "சட்டியக் கவுத்த மாதிரி இருக்குது. பரவால்லையா புள்ளே?" மைசூருக்கு வந்த பிறகும் உங்கள் சொந்த ஊரான ராமாபுரத்துப் பேச்சு உங்களை விட்டுப் போகவே இல்லை.

கொஞ்ச நாளில் தலைவலி தொடங்கியது. "இங்கதான் கவ்வுது" என்று இடது காதுக்கு மேலே தொட்டுக் காட்டினீர்கள். அந்தப் பக்கத்து ஸ்பாஞ்சை பிளேடால் சீவினேன். சரியாகவில்லை. ஸ்பாஞ்சையே பிய்த்துவிட்டு, என் பழைய நூல்சேலையை மடித்துத் தைத்தேன். பிறகு வண்டி குலுங்கும்போதெல்லாம் ஹெல்மெட் கண்மேல் சரிந்தது. வாரை இறுக்கினால் தாடையை அறுத்தது. மாலையில் நீங்கள் வந்ததும், "இன்னைக்கு எப்படிங்க?" என்பேன். "தேவலை" என்று நீங்கள் சொன்ன நாட்களில் சமையல்கூட எனக்கு நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் வலித்தது.

"ஏனுங்க, இன்னைக்கு அதப் போடவே இல்லையே?"

"வாரமெல்லாம் போட்ட வலி ஒரே நாள்ல போயிருமா?"

இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஒரு காலையில் பல் துலக்கும்போது வாந்தியெடுத்துக் குழாயடியிலேயே விழுந்தீர்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் நான் ஹெல்மெட் கதையைத்தான் சொன்னேன். தமிழ் தெரிந்தவர், முழுக்கக் கேட்டார். "ஹெல்மெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. மூளையில கட்டி. முன்னாடியே வந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது." ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குள் ஏதோ அப்போதே அணைந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தீர்கள். முகம் வற்றியிருந்தது. காயம் ஆறியதும், "அதக் கொண்டா" என்றீர்கள். பயந்துகொண்டே தலையில் வைத்தேன். எங்கும் அழுத்தாமல் உட்கார்ந்தது. "இப்பத்தான் புள்ளே அளவு சரியா இருக்குது" என்று சிரித்தீர்கள். வாசலில் நின்ற வண்டிவரை நடக்க உங்களால் முடியவில்லை. அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை.

அப்போது தவழ்ந்துகொண்டிருந்த நம் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். எப்போதாவது, "தலை வலிக்குதும்மா" என்று வந்து என் மடியில் படுப்பாள். வெயில், பசி, சரியான தூக்கமில்லை என்று காரணத்தையும் அவளே சொல்வாள். ஒரு காரணத்தைக் கேட்டு நிம்மதியாகிற மனசு எனக்கு இனி வராது. சரி சரி என்று சொல்லிக்கொண்டே அவள் தலை முழுக்க விரலால் அழுத்தித் தடவுவேன்.

"என்னம்மா தேடறே?" என்பாள்.

பேன் என்று சொல்லிவிடுவேன்.