அக்காவையே குறுக்கு விசாரணை செய்த தம்பிக்கு

என் உசிருக்கு உசிரான தம்பி சவரிமுத்து,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகப்போகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். முன்பு எனக்கு எழுதத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு நீ திண்டுக்கல்லில் வாராவாரம் பார்க்கும் தூரத்தில் இருந்தாய், கடிதத்துக்கு அவசியம் வரவில்லை. இப்போது சொல்ல நிறைய இருக்கிறது. ஊரும் படிக்கட்டும் என்றுதான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அவரவர் வசதிக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நான் சொல்வது நான் கண்டது.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, வானம் பார்த்த மண்ணில் நம் சேரி. பெரிய வீட்டுக் கிணற்றில் நாம் குடத்தை இறக்கக் கூடாது. யாராவது மனசு வைத்து மொண்டு ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும். உன் மச்சானும் நாலைந்து பேரும் சேர்ந்து நமக்கென்று ஒரு கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கண்ட மூன்றாம் நாள் சேரியை எரித்தார்கள். பட்டப்பகலில் எரித்தார்கள். பாதிப்பேர் காட்டு வேலைக்குப் போயிருந்தோம். உள்ளே இருந்தது கிழடுகளும் பிள்ளைகளும்தான். நான் ஓடி வந்து சேர்ந்தபோது உன் மச்சான் என் மகள் லூர்துவைத் தூக்க உள்ளே போயிருந்தார், கூரை விழுந்து இரண்டு பேரும் வெளியே வரவில்லை. அதுபோல எத்தனை வீடு!

மறுநாள் போலீஸ் சின்னானைப் பிடித்தது. அவன் பெரிய வீட்டுப் பண்ணையாள். நம்மைப் போலவே கால்வயிற்றுக் கஞ்சிக்காரன். "அவனே ஒத்துக்கிட்டான், ஒரு கைநாட்டு வை தாயி" என்றார்கள். வைத்தேன். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

சின்னானுக்காக நீ வக்கீலாக நிற்கப் போகிறாய் என்று சேதி வந்ததே, அன்றைக்கு உன்னை நான் சபித்தேன் தம்பி. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்? மண்ணை வாரித் தூற்றினேன். நம் வீட்டில் முதல்முதலாகக் கறுப்பு அங்கி போட்ட பிள்ளை, என் புருஷனையும் பிள்ளையையும் கொன்றவனுக்காகப் பேசப் போகிறானா?

முப்பதாம் நாள் பூசைக்கு நீ வந்தாய். கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே நின்றபடி நீ சொன்னது இம்புட்டுத்தான்: "அக்கா, நீ சாட்சி. நான் ஒன்கிட்ட கேசப் பத்திப் பேசக் கூடாது. செத்த நேரம் இங்கன உக்காந்துட்டுப் போறேன்."

உட்கார்ந்திருந்தாய். போய்விட்டாய். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? தம்பி சொல்லிக் கொடுத்து அக்கா பேசினாள் என்று நாளைக்கு எவனும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தாய். அது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் ஜட்ஜே உன்னைக் கேட்டார். "இறந்து போனது உங்கள் அக்கா வீட்டுக்காரர் இல்லையா?"

"ஆமாங்க ஐயா. அதனாலதான் சரியான ஆளு கூண்டுல நிக்கணும்னு நெனைக்கிறேன்" என்றாய்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சர்க்கார் வக்கீல் கேட்டதும் சின்னானைக் கை காட்டினேன். "இவன்தான் கொளுத்துனான்." தம்பி, அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தன் தொங்க வேண்டும், அம்புட்டுத்தான் அப்போது என் நினைப்பு.

நீ எழுந்தாய். அக்கா என்று கூப்பிடவில்லை.

"நீங்க கைநாட்டு வச்ச காகிதத்த யாராச்சும் படிச்சுக் காமிச்சாங்களா?"

"இல்ல."

"தீ புடிச்சப்போ அணைக்க விடச் சொல்லி நீங்க ஒருத்தர் கால்ல விழுந்தீங்களா?"

அது உனக்கு எப்படித் தெரியும்? அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எரித்தவர்களைத் தவிர அதைப் பார்த்தவன் சின்னான் ஒருத்தன்தான்.

"விழுந்தேன்."

"யார் கால்ல?"

பெரிய வீட்டு ஆட்கள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பெரிய வீட்டு நடு மகன் கால்ல. அவன் ஒதறிவிட்டான். தீப்பந்தம் அவன் தம்பி கையில இருந்துச்சு."

"சின்னான் எங்க இருந்தாரு?"

"எங்க கன்னுக்குட்டிய அவுத்து விட்டுக்கிட்டு இருந்தான்."

சொல்லிவிட்டு நான் அழுதேன். நீ காகிதத்தைப் பார்த்தபடி நின்றாய். முன்னே ஏன் பொய் சொன்னாய் என்று ஜட்ஜ் என்னைக் கடிந்துகொண்டார். அந்தத் திட்டு எனக்குத் தேவைதான்.

சின்னான் விடுதலையானான். அன்று சாயங்காலம் நம் சனமே நம் இரண்டு பேரையும் காறித் துப்பியது. "அக்காளும் தம்பியும் சேந்து கேசக் கெடுத்துட்டாங்க." நீ மனுமேல் மனு போட்டாய். கடைசியில் பெரிய வீட்டு மூன்று மகன்கள் மேலும் கேஸ் நடந்தது. அவர்களுக்குப் பட்டணத்திலிருந்து வக்கீல்கள் வந்து இறங்கியபோது நம் இளவட்டங்கள் கல்லை எடுத்தார்கள். நீ குறுக்கே நின்றாய்.

"ஏலே, கீழ போடுங்கடா! அவங்க வக்கீல் நல்லாப் பேசட்டும். கேள்வியெல்லாம் கேட்டு முடிச்ச பெறகு விழுகுற தீர்ப்புதான் மேல்கோர்ட்டுல நிக்கும்."

அந்த வக்கீல்கள் என்னை இரண்டு நாள் கேள்வியால் குடைந்தார்கள். என் ஒழுக்கத்தைக்கூடக் கேட்டார்கள். அசையவில்லை நான். மூத்தவனைப் பார்த்தாயா என்றபோது, பார்க்கவில்லை என்றேன். அவன்தான் மற்றவர்களை ஏவியவன் என்று ஊருக்கே தெரியும். ஆனால் என் கண் அவனைப் பார்க்கவில்லையே! இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. மூத்தவன் வெளியே வந்துவிட்டான். மேல்கோர்ட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

மூத்தவன் இன்றைக்கும் வில்வண்டியில் நம் சேரி வழியாகத்தான் போகிறான். நான் தலையைக் குனிவதில்லை. அவன் போகும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் நீ ஆரம்பித்தாயே, அந்தச் சட்டப் பாடம். படிக்காத காகிதத்தில் ரேகை வைக்காதே. பிடித்துப் போனால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொல். வக்கீல் வேண்டுமென்று கேள். தோல் கிடங்கு ஆட்களும் ஆத்தூர்ப் பக்கத்துக் களையெடுக்கும் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். சின்னானும் வந்தான். எனக்கு எழுத்தே அங்கேதான் வந்தது. கைநாட்டு வைத்தவள், பெயரை எழுதினேன்.

மஞ்சக்காமாலை உன்னை இம்புட்டுச் சீக்கிரம் கொண்டுபோகும் என்று யார் கண்டது? பாடம் நின்றுவிடும் என்று சிலருக்குச் சந்தோஷம். நிற்கவில்லை. நான் நடத்துகிறேன். புதிதாக வந்த ஏட்டு ஒருத்தர், "நீ என்ன வக்கீலா?" என்று நக்கலாகக் கேட்டார். "இல்லங்க, சாட்சி" என்றேன்.

இனி போன மாதச் சேதி. நத்தத்துப் பக்கம் ஒரு சேரியை எரித்துவிட்டார்கள் தம்பி. மறுபடியும். மறுபடியும் போலீஸ் கை காட்டியது ஒரு தோப்புக் காவல்காரனை. நான் போனபோது சனம் அவனைப் புளியமரத்தில் கட்டிப்போட்டு, போலீஸ் கையிலும் கொடுக்காமல், அங்கேயே கொல்லத் துடித்தது. அவன் முன்னால் போய் நின்றேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி என் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"ஒன் வீட்ல எரிஞ்சிருந்தா ஒனக்குத் தெரியும்டீ!"

"எரிஞ்சது தாயி" என்றேன். "என் வீட்டுக்காரரும் எம் மகளும் உள்ள இருந்தாங்க."

அவள் கை தளர்ந்தது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்: "நீ பாத்தியா? எந்தக் கண்ணால யாரப் பாத்த?" ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். தோப்புக்காரன் பெயரும் வந்தது, காவல்காரன் பெயர் வரவில்லை. சனம் அவன் கட்டை அவிழ்த்தது, போலீஸ் அவனைக் கொண்டுபோய் உள்ளே வைத்தது. அவள் சொன்னதை எழுதி, அவளுக்கே இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினேன். போலீஸ் டேசனில் அதை வாங்க மறுத்தார்கள். நாங்கள் பதினேழு பெண்கள், வாங்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை. வாங்கினார்கள்.

நீ இருந்திருந்தால் இதில் எங்கே தப்பு என்று பார்த்திருப்பாய். பார்த்துத் திட்டியும் இருப்பாய். யார் இருக்கிறார்கள் என்னைத் திட்ட?

திங்கட்கிழமை அந்தக் காவல்காரனை மறுபடி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அவனுக்கு ஒரு சின்ன வக்கீலைப் பிடித்துவிட்டேன், உன் கூட்டாளிதான். பிள்ளையைப் பறிகொடுத்த அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் அவளிடம் என்ன சொல்லச் சொல்வது? ஒன்றும் சொல்லமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் தம்பி. என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை, கூண்டில் ஏறுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்கக் கேட்பேன். நாளைக்கே பெரிய வீட்டு மூத்தவன் ஏறினாலும் கேட்பேன். கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று, நான் கண்டதைச் சொல்வேன்.

உன்னைச் சபித்த வாயாலேயே உனக்காக ஜெபிக்கும்,
உன் கூடப்பிறந்தவள்,
அந்தோணியம்மா அக்கா